மழலையர் மறைக்கல்விக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு



பள்ளிகள் திறக்கும் ஜூன் மாதத்தில்தான் பெரும்பாலான பங்குகளில் மறைக்கல்வி ஆண்டும் தொடங்குகிறது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வகுப்புகள் பிரிக்கப்படும். முதல் நற்கருணை வகுப்புக்கு அனுபவமுள்ள ஓர் ஆசிரியரைத் தேடிப் பிடிப்பார்கள். உறுதிப்பூசுதல் வகுப்புக்கு அவரைவிட அனுபவமுள்ளவர் வருவார். கடைசியாக மிஞ்சுவது இரண்டரை வயது முதல் நான்கு வயது வரையுள்ள மழலையர் வகுப்பு. “சின்னப் பிள்ளைங்கதானே, ரெண்டு பாட்டுச் சொல்லிக் கொடுத்தா போதும்” என்று, பிளஸ் டூ முடித்த ஓர் இளம்பெண்ணிடமோ, திருமணமாகிப் பங்குக்குப் புதிதாக வந்த ஒரு மருமகளிடமோ அதை ஒப்படைப்பது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. இந்த வழக்கம் தலைகீழாக மாற வேண்டும் என்பது நமது கருத்து. அது மாறும்வரை, இந்த ஆண்டு அந்தப் பொறுப்பை ஏற்றிருக்கும் புதிய ஆசிரியர்களுக்காகச் சில செய்திகளை இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் இதை வாசிப்பது நல்லது.

முதலில் நற்செய்தியைப் பார்ப்போம். மக்கள் குழந்தைகளை இயேசுவிடம் கொண்டு வந்ததையும், சீடர்கள் அவர்களை அதட்டியதையும் மூன்று நற்செய்தியாளர்கள் எழுதியிருக்கிறார்கள் (மத் 19:13-15, மாற் 10:13-16, லூக் 18:15-17). லூக்கா ஒரு படி மேலே போய், கைக்குழந்தைகளைக் குறிக்கும் சொல்லையே பயன்படுத்துகிறார். அன்று இயேசு அந்தக் குழந்தைகளுக்கு என்ன கற்பித்தார்? ஒன்றும் கற்பிக்கவில்லை. இறையாட்சியைப் பற்றி அவர் பேசியதெல்லாம் சுற்றி நின்ற பெரியவர்களுக்கு. குழந்தைகளுக்குக் கிடைத்தது வேறு. அவர்களைத் தூக்கி அணைத்துக்கொண்டார், தலைமேல் கைகளை வைத்தார், ஆசி வழங்கினார் என்கிறார் மாற்கு. அந்தக் குழந்தைகள் வளர்ந்தபோது அன்றைய போதனையில் ஒரு சொல்கூட அவர்கள் நினைவில் இருந்திருக்காது. ஆனால் அந்தக் கைகளுக்குள் அவர்களுக்குப் பயம் இருக்கவில்லை. மழலையர் மறைக்கல்வி என்றால் என்ன என்று யாராவது கேட்டால், இந்தக் காட்சியைத்தான் நாம் காட்டுவோம்.

இந்த வயதில் குழந்தைக்குள் உருவாவது கடவுளைப் பற்றிய அறிவு அல்ல. கடவுளைப் பற்றிய ஓர் உணர்வு. கோயிலுக்குள் வசிக்கிற அந்த ‘சாமி’ நம்மை நேசிக்கிறவரா, நம்மைப் பிடித்துக் கொள்ளப் பார்க்கிறவரா என்பதை அது சொற்கள் வருவதற்கு முன்பே முடிவு செய்துவிடுகிறது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1979ஆம் ஆண்டு மறைக்கல்வி பற்றி எழுதிய திருத்தூது ஊக்கவுரையில் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். விண்ணகத்தில் நல்ல தந்தை ஒருவர் இருக்கிறார், அவரிடம் நம் உள்ளத்தைத் திருப்பலாம் என்பதை மிக எளிமையாக வெளிப்படுத்துவதே அந்த வயதுக்குரியது என்பது அவர் கருத்து.

ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? சோறு உண்ணாவிட்டால் “சாமி கண்ணைக் குத்தும்.” அடம்பிடித்தால் “அதோ ஃபாதர் வர்றார், ஊசி போட்டுருவார்.” தம்பியைக் கிள்ளினால் “இயேசப்பா உன்கூட டூ விட்டுருவார்.” சொல்கிறவர்கள் விளையாட்டாகத்தான் சொல்கிறார்கள். கேட்கிற இரண்டரை வயதுக்கு விளையாட்டு எது, உண்மை எது என்று தெரியாது. கண்ணைக் குத்துகிறவர் யாரென்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்தால், அங்கே உயரத்தில் இரத்தக் காயங்களோடு ஒரு பெரிய உருவம் தொங்குகிறது. பிள்ளை வீறிட்டு அழுகிறது. “கோயிலுக்கு வந்தாலே இதுக்கு அடம்” என்று அம்மா முதுகில் ஒன்று வைக்கிறார். ஐம்பது வயதிலும் கடவுளை ஒரு காவலாளியாக மட்டுமே அறிந்த எத்தனையோ பேரைப் பங்குகளில் சந்திக்கிறோம். ஞாயிறு தவறாமல் வருவார்கள். ஆனால் கோயிலில் நிம்மதியாக உட்கார அவர்களால் முடியாது. ஆகவே புதிய ஆசிரியர்களுக்கு நாம் வைக்கும் முதல் வேண்டுகோள் இதுதான்: கடவுளின் பெயரைச் சொல்லி எந்தக் குழந்தையையும் மிரட்டாதீர்கள். ‘நீ பேசினால் இயேசு அழுவார்’ என்பதும் மிரட்டல்தான், மென்மையான மிரட்டல்.

இனி வகுப்பறைக்குள் வருவோம். முதல் ஞாயிறு அழுகையில்தான் தொடங்கும். அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம். அறிமுகம் இல்லாதவரிடம் விட்டுப் போகும்போது அழுகிற குழந்தை, தன் தாயை நன்றாக அறிந்த குழந்தை. முதல் மூன்று நான்கு வாரங்கள் அம்மாவோ பாட்டியோ உள்ளேயே சுவரோரமாக உட்காரட்டும். ஒவ்வொரு வாரமும் அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவுப் பக்கம் நகரலாம். ஒரு தவறு மட்டும் நடக்கக் கூடாது. பிள்ளை பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நைசாக நழுவி ஓடிவிடுவார்கள் சில அம்மாக்கள். திரும்பிப் பார்த்து அம்மாவைக் காணாத குழந்தை, அடுத்த வாரம் அம்மாவின் சேலையை விடவே விடாது. “அம்மா வெளியே மாதா கெபிகிட்ட இருக்கேன், கடைசிப் பாட்டு முடிஞ்சதும் வந்துருவேன்” என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொன்னபடி வர வேண்டும். அரை மணி நேரம் என்றால் குழந்தைக்குப் புரியாது. ‘கடைசிப் பாட்டு’ என்றால் புரியும். சொன்னவர் சொன்னபடி திரும்பி வருவார் என்பதை அந்தக் கதவருகில் கற்றுக்கொள்கிற குழந்தைக்குப் பிற்காலத்தில் நம்பிக்கையைப் பற்றிப் பேசுவது எளிது.

பெஞ்சு வேண்டாம். பாய் விரித்துத் தரையில் உட்காருங்கள். உங்கள் கண்ணும் குழந்தையின் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். ஐந்தாறு குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் என்ற கணக்குக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு செயலில் சில நிமிடங்களுக்கு மேல் அவர்கள் தங்க மாட்டார்கள். கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் நடை, ஒரு சின்னக் கதை, ஒரு செபம், பிறகு களிமண்ணோ வண்ணமோ என்று மாறிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அந்த வரிசை ஒவ்வொரு வாரமும் ஒன்றாகவே இருக்கட்டும். அடுத்து என்ன வரும் என்று தெரிந்த குழந்தை அமைதியாக இருக்கும். “ஓடாதே” என்பதைவிட “நடந்து வா” என்பது நன்றாக வேலை செய்யும். எதைச் செய்யக் கூடாது என்பதைவிட எதைச் செய்யலாம் என்பது அவர்களுக்குச் சீக்கிரம் விளங்கும்.

பகிர்ந்து விளையாடும் பண்பு இந்த வயதில் இன்னும் முளைவிடவில்லை. ஒரே பந்தை நான்கு பேர் நடுவில் வைத்துவிட்டு ‘அன்பு செய்யுங்கள்’ என்று போதித்தால் கடிதான் கிடைக்கும். ஒரே மாதிரி நான்கு பொருள்களை வைத்துவிட்டால் சண்டை பாதி குறைந்துவிடும். கடித்த பிள்ளையை ‘பாவம் செய்துவிட்டாய்’ என்று சொல்ல வேண்டாம். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஏழு வயது நிறைவடையாதவரைக் குழந்தை என்றும், தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்கும் நிலையை எட்டாதவர் என்றும் கொள்கிறது (எண் 97). ஞாயிறு கடன் போன்ற திருச்சபைக் கட்டளைகளும் அந்த வயது வரை அவர்களைக் கட்டுப்படுத்துவதில்லை (எண் 11). புனித பத்தாம் பயஸ் 1910ஆம் ஆண்டு குழந்தைகளின் நற்கருணை பற்றி வெளியான ஆணை வழியாக, பகுத்தறியும் பருவத்தை ஏறக்குறைய ஏழு வயது என்று குறித்ததையும் இங்கே நினைவுகூரலாம். திருச்சபையே பாவம் என்று கருதாததை நாம் பாவம் என்று ஏன் சொல்ல வேண்டும்? கடிபட்ட பிள்ளையை முதலில் தூக்குங்கள். கடித்த பிள்ளையிடம் “கடிச்சா வலிக்கும்” என்று மட்டும் அமைதியாகச் சொல்லுங்கள். கையைப் பிடித்து இழுத்து ‘சாரி சொல்லு’ என்று வற்புறுத்தினால் சொல் வரும். அதற்குள் பொருள் இருக்காது.

இப்போது நாம் பேசும் பக்தி மொழியைக் கொஞ்சம் கவனிப்போம். சிறு குழந்தைகள் சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வார்கள். “இயேசு உன் நெஞ்சுக்குள்ளே இருக்கிறார்” என்று சொன்னால், ‘நான் சாப்பிட்ட சாம்பார் அவர் மேலே கொட்டுமா?’ என்று ஒரு பிள்ளை கவலைப்படும். கேட்டு நாம் சிரிப்போம். சிரிக்க முடியாத இடங்களும் உண்டு.

வீட்டில் பாட்டி இறந்துபோகிறார். துக்க வீட்டில் எல்லோரும் குழந்தையிடம் சொல்வது இதுதான்: “பாட்டியைச் சாமி எடுத்துக்கிட்டார்.” பெரியவர்களுக்கு இது ஆறுதல். மூன்று வயதுக் குழந்தைக்கோ, சாமி என்பவர் வீட்டுக்குள் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறவர். இன்று பாட்டி, நாளை அம்மா. வேறு சிலர் “பாட்டி தூங்குறாங்க” என்று சொல்லிவிடுவார்கள். அன்று இரவிலிருந்து பிள்ளை தூங்க மறுக்கும். காரணம் யாருக்கும் விளங்காது. இப்படி ஒரு குழந்தை உங்கள் வகுப்புக்கு வரும். ஓர் ஆண்டில் ஒருவராவது வருவார்கள். அப்போது எளிய உண்மையைச் சொல்லுங்கள். “பாட்டிக்கு உடம்பு ரொம்ப முடியாமப் போச்சு. டாக்டராலேயும் சரிபண்ண முடியல. பாட்டி செத்துப்போயிட்டாங்க. இனிமே இங்கே வர மாட்டாங்க. இயேசு பாட்டியைப் பத்திரமா வச்சிருக்கார்.” அவ்வளவு போதும். ‘எடுத்துக்கொண்டார்’ என்பதற்கும் ‘பத்திரமாக வைத்திருக்கிறார்’ என்பதற்கும் இடையில் உள்ள தூரம் மிகப் பெரியது. அடுத்த வாரமும் அதே கேள்வியைக் கேட்பார்கள். அதே பதிலைச் சலிக்காமல் சொல்லுங்கள். பிள்ளை மறந்து கேட்பதில்லை. போன வாரம் சொன்னது இன்னும் உண்மைதானா என்று பார்க்கிறது. நவம்பர் 2ஆம் நாள் குடும்பத்தோடு கல்லறைக்குப் போய் மெழுகுதிரி ஏற்றும் நம் மரபு இதற்கு நல்ல துணை. பயமுறுத்தும் பேச்சு இல்லாமல் கூட்டிப் போனால் பிள்ளைகள் பூ வைப்பார்கள்.

கதைகளைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே கவனம் தேவை. ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போன நிகழ்ச்சி மீட்பு வரலாற்றில் மிக ஆழமான ஒன்று. ஆனால் மூன்று வயது கேட்கப்போவது, கத்தியோடு மகனைக் கூட்டிப் போன ஓர் அப்பாவின் கதை. அது பின்னால் வரட்டும். எகிப்தின் பத்து வாதைகளும் அப்படியே. சிலுவையை மறைக்க வேண்டாம், மறைக்கவும் முடியாது. ‘இயேசுவுக்கு வலித்தது, இறந்தார், மூன்றாம் நாள் உயிரோடு எழுந்து வந்தார்’ என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமையில் கதையை நிறுத்திவிட்டு ‘அடுத்த வாரம் தொடரும்’ போடாதீர்கள்.

எந்தக் கதை பொருந்தும் என்பதற்கு உரோமையிலிருந்து ஓர் அனுபவம் உண்டு. விவிலிய அறிஞர் சோஃபியா கவலெத்தியும், மொந்தெசோரி முறையில் பயிற்சி பெற்ற ஜான்னா கோபியும் 1954ஆம் ஆண்டு அங்கே சிறு குழந்தைகளோடு ஒரு மறைக்கல்வி முயற்சியைத் தொடங்கினார்கள். பல ஆண்டுகள் குழந்தைகளைக் கவனித்ததில் அவர்கள் கண்டது, ஆறு வயதுக்கு உட்பட்டவர்களை மிக ஆழமாகத் தொடுவது நல்ல ஆயன் உவமை என்பதே (யோவா 10, லூக் 15:3-7). அந்த முயற்சியின் பெயரே ‘நல்ல ஆயனின் மறைக்கல்வி’ என்று ஆயிற்று. மரத்தில் செய்த சின்ன ஆடுகள், ஓர் ஆயன், ஒரு பட்டி. குழந்தைகள் தங்கள் கையாலேயே ஆட்டை நகர்த்துவார்கள். ஒவ்வோர் ஆட்டையும் ஆயன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்ற இடத்தில் குழந்தைகளின் முகம் மாறும். தன் பெயரை ஒருவர் அன்போடு கூப்பிடுவதைவிட அவர்களுக்குப் பெரிய செய்தி கிடையாது. நம் ஊர்களில் மர ஆடு தேடி அலைய வேண்டியதில்லை. கிறிஸ்துமஸ் குடிலில் வைத்த ஆடுகள் சரக்கறையில் பெட்டிக்குள் சும்மாதான் கிடக்கின்றன. உடையாதவையாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

மரிய மொந்தெசோரி அம்மையாருக்கும் நம் மண்ணுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். இத்தாலிய மருத்துவரும் கத்தோலிக்கருமான அவர், உரோமையின் சான் லொரென்ஸோ என்ற ஏழைக் குடியிருப்பில் தம் முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் திறந்தது 1907 சனவரி 6ஆம் நாள், மூவரசர் திருநாள் அன்று. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதால் அவர் நாடு திரும்ப இயலவில்லை. போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கி, குழந்தைகளோடும் ஆசிரியர்களோடும் பணியாற்றினார். முதல் ஆண்டுகளில் குழந்தையின் மனம் தன்னைச் சுற்றியுள்ள அனைத்தையும் முயற்சி இல்லாமலே உறிஞ்சிக்கொள்கிறது என்ற அவரது புகழ்பெற்ற நூல், இந்தியாவில் அவர் ஆற்றிய உரைகளிலிருந்து உருவாகி 1949இல் சென்னையில் வெளிவந்தது. தாய்மொழியைக் குழந்தை எப்படிப் பாடம் இல்லாமல் கற்றுக்கொள்கிறதோ, அப்படியே வீட்டின் அமைதியையும் சண்டையையும் செபத்தையும் கற்றுக்கொள்கிறது என்பது இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் செய்தி. அப்படியானால் உங்கள் குரலும், தீர்த்தத் தொட்டியில் நீங்கள் கைவைக்கும் விதமும், சக ஆசிரியையிடம் நீங்கள் பேசும் தொனியும்தான் பாடநூல்.

அந்தப் பாடநூலைக் கையால் தொட்டுப் படிக்கும் இடம் கோயில். கூட்டம் இல்லாத நேரத்தில், மூன்று நான்கு பேராக அழைத்துச் செல்லுங்கள். வாசலில் செருப்பைக் கழற்றி ஜோடி சேர்த்து வைப்பதிலிருந்தே வழிபாடு தொடங்குகிறது. அதைச் செய்ய ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் ஆகலாம். காத்திருங்கள், நீங்கள் கழற்றிவிடாதீர்கள். பிறகு தீர்த்தத்தைத் தொடட்டும், ஈரக் கையை முகர்ந்து பார்க்கட்டும். மாதாவின் பாதத்தைத் தொடட்டும். நற்கருணைப் பேழை அருகே எரியும் சிவப்பு விளக்கைக் காட்டி, “இந்த விளக்கு எரிஞ்சா இயேசு இங்கே இருக்கார்னு அர்த்தம்” என்று மெதுவாகச் சொல்லுங்கள். பிறகு ஒன்றும் பேசாதீர்கள். அமைதியாக உட்காருவதைக் குழந்தைகள் வெறுப்பதில்லை. ‘வெளியே என்ன சத்தம் கேட்குது, கேட்போமா?’ என்றால் மூச்சுவிடாமல் காது கொடுப்பார்கள். காக்கை, மணி, தூரத்து லாரி. அந்த அரை நிமிடமும் செபம்தான்.

சிலுவை அடையாளம் சொல்லிக் கொடுக்கும்போது ஒரு சிறு நுணுக்கம். குழந்தைக்கு எதிரே நின்று செய்து காட்டினால், கண்ணாடியில் பார்ப்பதுபோல அது இடக்கையைத் தூக்கும். ‘தப்பு, தப்பு’ என்று கையைத் தட்டிவிடுவார்கள் சிலர். தவறு நின்ற இடத்தில் இருக்கிறது. குழந்தையின் பக்கத்தில், இருவரும் பீடத்தையே பார்த்து நின்றுகொண்டு செய்யுங்கள். அல்லது பின்னால் மண்டியிட்டு அதன் கையைப் பிடித்து நடத்துங்கள். ஆண்டு முழுவதும் இந்த ஓர் அடையாளத்தை மட்டும் கற்றுக்கொண்டாலும் நிறைவுதான். வீட்டில் பாட்டி பழைய சொற்களில் சொல்லிக் கொடுத்திருந்தால் திருத்தாதீர்கள். ஆங்கிலப் பள்ளிக்குப் போகும் பிள்ளை என்பதற்காகச் செபத்தை ஆங்கிலத்தில் தொடங்க வேண்டும் என்று சில பெற்றோர் கேட்பதுண்டு. அம்மா எந்த மொழியில் கொஞ்சுகிறாரோ, எந்த மொழியில் திட்டுகிறாரோ, அந்த மொழியில் செபம் தொடங்கட்டும். மற்ற மொழி பிறகு தானாக வரும்.

ஒரே கதை, ஒரே பாட்டு, ஒரே அடையாளம் என்று மாதக்கணக்கில் சொன்னால் நமக்கு அலுக்காதா? அலுக்கும். ஏறக்குறைய கி.பி. 400இல் கார்த்தேஜ் நகரத் திருத்தொண்டர் தெயோகிராத்தியாஸ் இதே முறையீட்டைப் புனித அகுஸ்தீனாரிடம் வைத்தார். புதிதாக வருவோருக்குத் தொடக்கப் பாடத்தைச் சொல்லிச் சொல்லித் தமக்கே சலித்துவிட்டது என்பது அவர் குறை. அதற்குப் பதிலாக அகுஸ்தீனார் ஒரு முழு நூலையே எழுதினார். தாய் தான் பெரிய கவளம் உண்பதைவிட, மென்று சிறிதாக்கிக் குழந்தைக்கு ஊட்டுவதில் மகிழ்கிறாள் அல்லவா என்று கேட்கிறார். நாம் பலமுறை பார்த்துப் பழகிய ஊரையே ஒரு விருந்தாளிக்குச் சுற்றிக் காட்டும்போது, அவர் வியப்பு நமக்கும் தொற்றிக்கொள்வதை உவமையாகக் காட்டுகிறார். கேட்பவர் நின்று களைத்துவிட்டால் உட்கார இடம் கொடுங்கள் என்பதுவரை அந்தப் பெரிய இறையியலாளர் எழுதியிருக்கிறார் என்பது நமக்கு எப்போதும் வியப்பு. அவர் எழுதியது வளர்ந்தவர்களுக்கான கல்வியைப் பற்றித்தான்; ஆனாலும் மழலையர் ஆசிரியருக்கு அதைவிடப் பொருத்தமான நூலை நாம் அறியோம்.

சில எச்சரிக்கைகளையும் சொல்ல வேண்டும். பரிசாக உருண்டை மிட்டாய் கொடுக்கும் பழக்கத்தை மழலையர் வகுப்பில் விட்டுவிடுங்கள். முழு வேர்க்கடலை, உருண்டை மிட்டாய், முழுத் திராட்சை ஆகியவை இந்த வயதில் மூச்சுக்குழலை அடைத்துவிடக் கூடியவை. அறுந்த செபமாலையின் மணிகளும் காசுகளும் அப்படியே. வாழைப்பழம் போதும். எரியும் மெழுகுதிரி எப்போதும் பெரியவர் கையில் இருக்க வேண்டும். வகுப்பு தொடங்குமுன் பெற்றோரே பிள்ளையைக் கழிவறைக்கு அழைத்துச் சென்று வரட்டும். இடையில் நனைத்துவிட்டால் பிறர் முன்னால் ஒரு சொல்கூடச் சொல்லாமல் மாற்றுடைக்கு வழி செய்யுங்கள்.

எந்த வகுப்பிலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். இது யாரையும் சந்தேகிப்பதற்காக அல்ல. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 முதல் நம் நாட்டில் இருக்கிறது; அதன் பொறுப்பு கோயில் வளாகத்துக்கும் உண்டு. பிள்ளைகளின் புகைப்படத்தைப் பெற்றோரின் அனுமதி இன்றி வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். முத்தம் கொடு என்று எந்தக் குழந்தையையும் கட்டாயப்படுத்தாதீர்கள். அணைக்க வந்தால் அணையுங்கள், விலகினால் விட்டுவிடுங்கள்.

கைப்பேசியில் விவிலியக் கார்ட்டூன் போட்டுவிட்டால் எல்லோரும் சத்தமில்லாமல் இருப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் தந்த அறிவுரைப்படி, இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளில் உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது. குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. அந்த ஒரு மணி நேரத்தை வீட்டில் ஏற்கெனவே செலவழித்துவிட்டுத்தான் வருகிறார்கள். அனைத்துப் புனிதர் விழா மாறுவேடப் போட்டியைப் பற்றியும் ஒரு சொல். ஒட்டுத் தாடியோடு மேடை விளக்கின் கீழ் அழும் இரண்டரை வயது ‘அந்தோனியார்’ யாருக்கும் புனிதத்தைக் கற்பிப்பதில்லை. அவருக்கு நான்கு வயது ஆகட்டும். தானாகவே மேடை ஏறுவார்.

உங்கள் ஊர் அங்கன்வாடி ஆசிரியையைப் போய்ப் பாருங்கள். அவர் எந்தச் சமயத்தவராகவும் இருக்கலாம். அழும் பிள்ளையை எப்படித் தூக்குவது, இருபது பேரை எப்படி ஒரே பாட்டில் உட்கார வைப்பது என்பது அவருக்கு அத்துப்படி. அரை நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாலே எவ்வளவோ கற்றுக்கொள்ளலாம்.

பெற்றோருக்கு ஒன்று. பெற்றோரே முதன்மையான கல்வியாளர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் சொன்னது. வாரத்தில் ஒரு மணி நேரம் எங்கள் கையில். மற்றதெல்லாம் உங்கள் வீட்டில். வகுப்பு முடிந்து வரும் பிள்ளையிடம் “என்ன படிச்சே, சொல்லு” என்று தேர்வு வைக்காதீர்கள். இரவு படுக்கப் போகும்போது அதன் நெற்றியில் சிலுவை போடுங்கள். சில நாட்களில் அது உங்கள் நெற்றியிலும் போடும்.

பங்குத்தந்தையர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மழலையர் வகுப்புக்குக் குழாயும் நிழலும் உள்ள நல்ல அறையைக் கொடுப்போம். சாமான் போட்டு வைக்கும் கொட்டகையை அல்ல. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2021 மே மாதத்தில் மறைக்கல்வி ஆசிரியர் பணியைத் திருச்சபையின் நிலையான திருப்பணிகளுள் ஒன்றாக ஏற்படுத்தினார். அந்த மதிப்பு மழலையர் வகுப்பு ஆசிரியைக்கும் உரியது. ஆசிரியர் கூட்டத்தில் அவரைக் கடைசி நாற்காலியில் உட்கார வைக்க வேண்டாம். மாதத்துக்கு ஒருமுறையாவது திருப்பலி முடிந்ததும் நாமே அந்த அறைக்குப் போய்ப் பாயில் உட்காருவோம். மறையுரை ஒன்றும் வேண்டாம், பத்து நிமிடம் போதும். ஊசி போடுகிற ஃபாதர் வந்துவிட்டார் என்று முதல் முறை இரண்டு பேர் அழுவார்கள். மூன்றாம் முறை அருகில் வந்து நம் வெள்ளை அங்கியின் பொத்தான்களை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்குவார்கள்.